கண்ணுக்குத் தெரியாத களஞ்சியம்

பூண்டி என்றதும் நம் வாசகர்களில் பலருடைய உள்ளம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே அமைந்த பூண்டி மாதாவின் திருத்தலத்தை நோக்கி ஓடும். நாம் இங்குக் குறிப்பிடும் பூண்டி வேறு. திருவள்ளூரை அடுத்து, கொசத்தலை ஆற்றின் குறுக்கே 1944-ஆம் ஆண்டில் எழுப்பப்பட்டு, பின்னர் தீரர் சத்தியமூர்த்தியின் பெயரைத் தாங்கிய நீர்த்தேக்கம் அது. சென்னை மாநகரின் தாகம் தீர்க்கும் ஏரிகளுள் ஒன்று.

அந்த ஏரியில் நீர் ததும்பி நின்றாலும் சரி, பாதியாகக் குறைந்தாலும் சரி, நகரத்து வீட்டுக் குழாயில் நீர் ஏறத்தாழ ஒரே விதமாகத்தான் வரும். குழாயைத் திறக்கும் இல்லத்தரசிக்கு ஏரியின் நிலை தெரிவதில்லை. ஏரி வறண்டு தரை தெரியும் நாளில்தான் குழாயும் வறளும். 2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னை மக்கள் இந்தப் பாடத்தைக் கண்ணீரோடு கற்றார்கள். குழாயைப் பார்த்து ஏரியை அளக்க முடியாது என்பதே அந்தப் பாடம்.

நம் ஒவ்வொருவரின் உடலுக்குள்ளும் இத்தகைய ஏரி ஒன்று உண்டு. கல்லீரல் என்பது அதன் பெயர். அங்குச் சேமிக்கப்படும் பொருள்களுள் ஒன்று வைட்டமின் 'ஏ' என்னும் உயிர்ச்சத்து. கண்ணுக்கு ஒளியும், தோலுக்கும் குடலுக்கும் மூச்சுக்குழாய்க்கும் காப்பும் தருவது அது. குருதியே அதன் குழாய். கல்லீரலில் மிகுதியாக இருந்தாலும் அளவாக இருந்தாலும், குருதியில் ஓடும் அளவை உடல் ஒரே நிலையில் காத்துக்கொள்கிறது. களஞ்சியம் காலியாகும் தறுவாயில்தான் குருதியிலும் அது குறையத் தொடங்கும். அப்படியானால் ஒரு குழந்தையின் களஞ்சியத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதை எவ்வாறு அறிவது? ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் அறிஞர்களை வாட்டிய இந்தக் கேள்வியின் வரலாற்றையே இக்கட்டுரையில் காண முற்படுகிறோம். நம் தமிழ் மண்ணுக்கும் இந்த வரலாற்றில் பங்குண்டு.

மாலைக்கண்ணும் மருந்தும்

பொழுது சாய்ந்ததும் பார்வை மங்கும் நோயை நம் முன்னோர் 'மாலைக்கண்' என்று அழகாகப் பெயரிட்டு அழைத்தனர். ஆட்டு ஈரலும் முருங்கைக்கீரையும் அதற்கு மருந்தென்று நம் பாட்டிமார் அறிந்திருந்தனர். பண்டைய எகிப்தியரும் கிரேக்கரும்கூட இந்நோய்க்கு ஈரலையே பரிந்துரைத்தனர். ஆனால் ஈரலில் இருப்பது எது என்பது 20-ஆம் நூற்றாண்டுவரை எவருக்கும் தெரியாது.

தோபித்து நூலை வாசிப்போர், இளைஞர் தோபியா வானதூதர் இரபேலின் சொற்படி மீனின் இதயத்தையும் ஈரலையும் பித்தப்பையையும் எடுத்து வைத்ததை நினைவு கூர்வர். தந்தையின் கண்களைத் திறந்தது பித்தமே, ஈரல் அன்று. ஆகவே அந்த நிகழ்ச்சியை இந்த உயிர்ச்சத்தோடு முடிச்சுப் போடுவது முறையாகாது. ஆயினும், இருளில் அமர்ந்திருக்கும் ஒருவரின் கண்ணில் ஒளி ஏற்றுவது இறைவனுக்கு உகந்த பணி என்பதை அந்நூல் நமக்குக் காட்டுகிறது.

1913-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மெக்காலம், டேவிஸ் ஆகிய இருவரும், அதே ஆண்டில் ஆஸ்பர்ன், மெண்டல் ஆகிய இருவரும், வெண்ணெயில் கரைந்திருக்கும் ஏதோ ஒன்று எலிக்குஞ்சுகளின் வளர்ச்சிக்கு இன்றியமையாதது என்று கண்டறிந்தனர். அதுவே பின்னர் வைட்டமின் 'ஏ' ஆயிற்று. கீரையிலும் கேரட்டிலும் உள்ள கரோட்டின் என்னும் நிறப்பொருள் உடலுக்குள் சென்று இச்சத்தாக மாறுகிறது என்பதை 1930-இல் தாமஸ் மூர் மெய்ப்பித்தார். விழித்திரையில் இச்சத்து இருப்பதை 1933-இல் ஜார்ஜ் வால்டு கண்டார்.

இதே காலத்தில் நம் மண்ணில் நடந்தவற்றையும் நாம் அறிந்திருக்க வேண்டும். 1918-இல் நீலகிரி மலையில், குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில், இராபர்ட் மெக்காரிசன் ஓர் அறையில் உணவாராய்ச்சியைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து 1958-இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, 1969-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. சென்னை எழும்பூரில், 1819-இல் தொடங்கப்பட்ட அரசு கண் மருத்துவமனையில் கண்காணிப்பாளராக இருந்த ரைட் என்னும் மருத்துவர், தென்னிந்தியக் குழந்தைகளின் கருவிழி மெழுகுபோல் உருகிக் கரையும் கொடுமையைப் பற்றி 1920-களிலேயே எழுதினார். 1937-இல் அவரும் குன்னூர் ஆய்வகத்தின் அய்க்ராய்டும் இணைந்து, செம்பனை எண்ணெயால் அந்நோயைக் குணப்படுத்த முடியும் என்று காட்டினர். விலைமதிப்பற்ற கண்களைக் காக்க விலை குறைந்த எண்ணெய் போதும் என்பது ஏழைகளுக்கு நற்செய்தி அல்லவா?

இருப்பினும் நற்செய்தி எல்லார் வீட்டையும் எட்டவில்லை. விடுதலைக்குப் பின்னரும் ஆண்டுதோறும் எண்ணற்ற குழந்தைகள் பார்வை இழந்தனர். எனவே 1970-இல் இந்திய அரசு, ஊட்டச்சத்துக் குறைவால் வரும் பார்வையிழப்பைத் தடுக்கும் திட்டம் ஒன்றை வகுத்தது. ஒன்று முதல் ஐந்து வயதுவரை உள்ள குழந்தைகளுக்கு ஆறு திங்களுக்கு ஒருமுறை 2,00,000 அலகு வைட்டமின் 'ஏ' மருந்தை வாய்வழியாகக் கொடுப்பது என்பது ஏற்பாடு. கல்லீரல் சேமிக்கும் உறுப்பாதலால் ஒருமுறை நிரப்பினால் ஆறு திங்கள் தாங்கும் என்பதே அதன் அடிப்படை. எகிப்தில் யோசேப்பு ஏழு வளமான ஆண்டுகளின் விளைச்சலைக் களஞ்சியங்களில் சேர்த்து, பின்வந்த பஞ்சத்தை வென்ற கதையை இது நமக்கு நினைவூட்டுகிறது.

திருச்சி மாவட்டத்துச் செய்தி

இச்சத்து கண்ணை மட்டுமே காக்கிறது என்று உலகம் எண்ணியிருந்தது. 1983-இல் ஆல்ஃபிரட் சோமர் என்னும் கண் மருத்துவர் இந்தோனேசியாவில் ஒன்றைக் கவனித்தார். மாலைக்கண் முதலிய இலேசான அறிகுறிகள் மட்டுமே கொண்ட குழந்தைகள்கூட, மற்றவர்களைவிடப் பன்மடங்கு மிகுதியாக இறந்தனர். பார்வை மங்குவது வரவிருக்கும் சாவின் நிழல் என்று அவர் உணர்ந்தார். 1986-இல் வெளிவந்த அவருடைய அடுத்த ஆய்வு, மருந்து பெற்ற ஊர்களில் குழந்தைச் சாவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததைக் காட்டியது. பலர் நம்ப மறுத்தனர்.

அந்த ஐயத்தைப் போக்கியவற்றுள் முதன்மையானது தமிழகத்தில் நடந்த ஆய்வு. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்த இரகமத்துல்லா என்னும் பெண் மருத்துவரும் அவருடைய குழுவினரும் திருச்சி மாவட்டச் சிற்றூர்களில் 15,419 குழந்தைகளிடையே ஓராண்டுக் காலம் இதனை நடத்தினர். ஊர்த் தொண்டர்கள் வாரந்தோறும் வீடு வீடாகச் சென்று, ஒரு பிரிவினருக்கு 8,333 அலகு வைட்டமின் 'ஏ' அடங்கிய சொட்டு மருந்தையும், மற்றொரு பிரிவினருக்கு அது இல்லாத மருந்தையும் அளித்தனர். எது எவருக்குச் சென்றது என்பது தொண்டர்களுக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது. 1990-இல் முடிவு வெளியாயிற்று. சத்தைப் பெற்ற பிரிவில் சாவு பாதிக்கும் கீழாகக் குறைந்திருந்தது. ஒருமுறை பேரளவாகக் கொட்டாமல், அன்றாட உணவில் கிடைத்திருக்க வேண்டிய சிறு அளவை வாரந்தோறும் கொடுத்தே இப்பயன் கிட்டியது என்பது குறிப்பிடத்தக்கது.

ஆனால் வரலாறு அங்கேயே நின்றுவிடவில்லை. உத்தரப் பிரதேசத்தில் 1999 முதல் 2004 வரை ஏறத்தாழ 10,00,000 குழந்தைகளிடையே நடந்து, 2013-இல் வெளிவந்த மற்றொரு பேராய்வில், ஆறு திங்களுக்கு ஒருமுறை அளித்த மருந்தால் சாவு 4 விழுக்காடு மட்டுமே குறைந்ததாகத் தெரிந்தது. அதுவும் தற்செயலாக நேர்ந்திருக்கக் கூடிய அளவே. திருச்சியில் பாதிக்கு மேல். உத்தரப் பிரதேசத்தில் ஒன்றுமில்லை என்று சொல்லத்தக்க அளவு. எது உண்மை? இரண்டும் உண்மையாக இருக்கலாம். காலியான களஞ்சியத்தில் கொட்டிய தானியம் உயிர் காக்கும். ஓரளவு நிறைந்த களஞ்சியத்தில் கொட்டியது அவ்வளவு பயன் தராது. ஆகவே எல்லாக் கேள்விகளும் ஒரே கேள்வியில் வந்து முடிந்தன: உள்ளே எவ்வளவு இருக்கிறது?

அடையாளமிட்ட அணுக்கள்

உயிரோடிருக்கும் குழந்தையின் கல்லீரலை வெட்டிப் பார்க்க இயலாது. அறுவை மருத்துவத்தின்போது ஊசியால் சிறு துணுக்கை எடுத்து அளக்கலாம். நலமாக விளையாடும் பிள்ளையிடம் அதைச் செய்ய எந்த மனச்சான்றும் இடம் தராது. இங்கேதான் கதையில் ஓர் அங்கேரியர் நுழைகிறார்.

ஜார்ஜ் தெ எவெசி, புடாபெஸ்டு நகரில் பியாரிஸ்து துறவியர் நடத்திய பள்ளியில் பயின்றவர். 1911-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் அவர் ஒரு விடுதியில் தங்கியிருந்தார். தட்டில் மிஞ்சும் உணவையே விடுதித் தலைவி மறுபடியும் வேறு வடிவில் பரிமாறுகிறாரோ என்ற ஐயம் அவருக்கு எழுந்தது. ஒருநாள் தாம் மிச்சம் வைத்த உணவில் கதிரியக்கப் பொருளைச் சிறிது கலந்துவிட்டார். சில நாள்கள் கழித்து வந்த பண்டத்தைக் கருவியால் சோதித்தபோது குட்டு வெளிப்பட்டது! ஒரு பொருளில் அடையாளமிட்டு அனுப்பினால் அது எங்குச் சென்றாலும் கண்டுகொள்ளலாம் என்னும் இந்தக் கருத்தை வளர்த்தெடுத்தமைக்காகவே 1943-ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.

ஒரே தனிமத்தின் அணுக்களுள் எடையில் மட்டும் வேறுபடுபவை உண்டு. அவற்றை ஐசோடோப்புகள் என்கிறோம். அவற்றுள் சில கதிர்வீசும். சில கதிர்வீசாமல் நிலைத்து நிற்கும். 1931-இல் ஹரால்டு யூரே கண்டறிந்த கன ஹைட்ரஜன் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அது கலந்த கனநீரைத் தாமே அருந்தி, தம் உடலில் மொத்தம் எவ்வளவு நீர் உள்ளது என்று 1934-இல் எவெசி கணக்கிட்டார். அளக்கும் முறை எளியது. குளத்தில் எவ்வளவு நீர் உள்ளதென்று தெரியவில்லை. ஒரு குவளைச் சாயத்தைக் கரைக்கிறோம். சாயம் நன்கு பரவியபின் ஒரு குவளை நீரை மொண்டு, சாயம் எத்தனை பங்கு நீர்த்திருக்கிறது என்று பார்க்கிறோம். சாயத்தின் அளவு தெரியுமாதலால் குளத்தின் அளவும் தெரிந்துவிடும்.

இம்முறையை வைட்டமின் 'ஏ'-க்கும் கையாளலாம் என்று அறிஞர் உணர்ந்தனர். முதலில் கதிர்வீசும் அணுக்களே பயன்பட்டன. 1972-இல் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் சிவகுமார், வினோதினி ரெட்டி ஆகியோர் வெளியிட்ட ஆய்வு, நலமான குழந்தைகள் அடையாளமிட்ட சத்தை ஏறத்தாழ முழுவதும் ஈர்த்துக்கொள்வதையும், வயிற்றுப்போக்கும் மூச்சு நோயும் கண்ட குழந்தைகள் அதில் கணிசமான பங்கை இழந்துவிடுவதையும் காட்டியது. நோய் சத்தைத் திருடுகிறது. சத்துக்குறைவு நோயை வரவழைக்கிறது. 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வு ஒன்றில், வைட்டமின் 'ஏ' அறவே இல்லாத உணவை உண்ட ஆடவர்க்குக் குறைபாடு தோன்ற ஓராண்டு முதல் இரண்டாண்டுகள்வரை பிடித்தது. வயது வந்தோரின் களஞ்சியம் அத்துணைப் பெரியது. குழந்தையின் களஞ்சியமோ சின்னஞ்சிறியது.

நாளடைவில் குழந்தைகளுக்குக் கதிர்வீசும் பொருளைக் கொடுக்கலாகாது என்னும் எண்ணம் வலுப்பெற்றது. அதன் இடத்தைக் கன ஹைட்ரஜனும், 13 எடை கொண்ட கார்பனும் எடுத்துக்கொண்டன. இவை நாம் உண்ணும் உணவிலும் அருந்தும் நீரிலும் இயற்கையாகவே சிறிதளவு இருப்பவை. 1989-இல் அமெரிக்காவில் அறுவை மருத்துவத்துக்கு வந்தோரிடம், இம்முறையால் கணக்கிட்ட அளவும் கல்லீரல் துணுக்கில் நேரே கண்ட அளவும் ஒத்துவருவது காட்டப்பட்டது. 1997-இல் வங்கதேசத்திலும் அது மெய்ப்பிக்கப்பட்டது.

செய்முறை இதுதான். அடையாளமிட்ட சத்தைச் சிறிதளவு எண்ணெயில் கரைத்துக் குழந்தைக்குக் கொடுப்பர். அது உடலின் பழைய சேமிப்போடு நன்கு கலக்க இரண்டு, மூன்று வாரங்கள் விடுவர். பின்னர்ச் சிறிது குருதி எடுத்து, நிறைமாலைமானி என்னும் நுண்கருவியில், எத்தனை மூலக்கூறுகளுக்கு ஒன்று அடையாளம் தாங்கியது என்று எண்ணுவர். கொடுத்தது 1 மில்லிகிராம், ஐம்பதில் ஒன்று அடையாளம் தாங்கியது என்றால், களஞ்சியத்தில் ஏறத்தாழ 50 மில்லிகிராம் உண்டு. ஈர்க்கப்படாமல் வெளியேறியது, இடைநாள்களில் செலவானது ஆகியவற்றுக்குக் கணக்கில் திருத்தம் செய்வர். குழாயைப் பார்த்து ஏரியை அளக்க இயலாது என்றோம் அல்லவா? ஏரியில் சாயம் கரைத்தால், குழாய் நீரே ஏரியின் அளவைச் சொல்லிவிடுகிறது!

குறைவும் மிகையும்

இப்போது ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 12 கிலோ எடையுள்ள ஒரு குழந்தையின் கல்லீரல் ஏறத்தாழ 360 கிராம் இருக்கும். இதுபோதும் என்று அறிஞர் கொள்ளும் குறைந்தபட்சச் சேமிப்பு, அந்தக் குழந்தைக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராம். மிகை என்று எச்சரிக்கும் எல்லை அதன் பத்து மடங்கு, அதாவது 100 மில்லிகிராமை ஒட்டியது. ஆறு திங்களுக்கு ஒருமுறை நாம் கொடுக்கும் 2,00,000 அலகு என்பது 60 மில்லிகிராம். அதில் ஒரு பங்கு தங்காமல் வெளியேறிவிடும் என்பது உண்மை. காலியான களஞ்சியத்துக்கு அது பெருங்கொடை. ஆனால் ஏற்கெனவே நிறைந்த களஞ்சியத்துக்கு? வைட்டமின் 'சி' போன்றவை மிகுந்தால் சிறுநீரில் கழிந்துவிடும். வைட்டமின் 'ஏ' அப்படிக் கழியாது. தங்கித் தங்கிச் சேரும். அளவு மிகுந்தால் கல்லீரலுக்கும் எலும்புக்கும் அதுவே கேடாகும். அமுதமும் நஞ்சாகும் என்னும் முதுமொழிக்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆப்பிரிக்காவின் சாம்பியா நாட்டில் இது கண்கூடாயிற்று. அங்குச் சர்க்கரையில் வைட்டமின் 'ஏ' சேர்க்கப்படுகிறது. ஆறு திங்களுக்கு ஒருமுறை மருந்தும் கொடுக்கப்பட்டது. ஐசோடோப்பு முறையில் அளந்தபோது, ஆய்வுக்குட்பட்ட குழந்தைகள் பலரின் கல்லீரலில் மிகை எல்லையைத் தாண்டிய சேமிப்பு இருந்தது. மாம்பழப் பருவத்தில் சில குழந்தைகளின் தோல் மஞ்சள் பூத்தது. குறைவென்று எண்ணிக் கொடுத்த இடத்தில் நிறைவு இருந்தது. நல்லெண்ணத்தால் மட்டும் நன்மை விளைவதில்லை. களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்டிய அறிவற்ற செல்வனின் உவமையை ஆண்டவர் சொன்னது வேறு பொருளில்தான். எனினும், சேர்ப்பது மட்டுமே அறிவுடைமை ஆகாது என்பது இங்கும் பொருந்தும்.

நம் நாட்டில் இன்று 9-ஆம் திங்களில் 1,00,000 அலகும், பின்னர் ஐந்து வயதுவரை ஆறு திங்களுக்கு ஒருமுறை 2,00,000 அலகுமாக ஒன்பது தவணைகள் வகுக்கப்பட்டுள்ளன. இதற்கிடையே சமையல் எண்ணெயிலும் பாலிலும் இச்சத்தைச் சேர்க்கும் வழக்கமும் பரவிவருகிறது. 2016 முதல் 2018 வரை நடந்த நாடு தழுவிய ஊட்டச்சத்து ஆய்வின் குருதி மாதிரிகளை, தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தாரும் பெங்களூரு புனித யோவான் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் நோய்த்தொற்றின் தாக்கத்தை நீக்கிக் கணக்கிட்டு 2021-இல் வெளியிட்டனர். குறைபாடு நாடளவில் 20 விழுக்காட்டுக்குக் கீழே வந்துவிட்டது என்றும், எல்லார்க்கும் ஒரே அளவு என்பதை விடுத்துத் தேவையுள்ள இடத்தைக் கண்டு கொடுப்பதே முறை என்றும் அவர்கள் வாதிட்டனர். மாறாகக் கருதும் அறிஞரும் உளர். வாதம் தொடர்கிறது.

புனித யோவான் நிறுவனத்தின் பெயரை நாம் இங்கே பெருமிதத்தோடு குறிப்பிடுகிறோம். இந்திய ஆயர் பேரவை 1963-இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியின் கிளை அது. 1920-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து குண்டூருக்கு வந்து, 1943-இல் கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கத்தை நிறுவிய மருத்துவர் அருள்சகோதரி மேரி குளோரி கண்ட கனவின் கனி அது. நிலையான ஐசோடோப்புகளைக் கொண்டு ஊட்டச்சத்தை அளக்கும் கலையில் அந்நிறுவனம் இன்று நாட்டின் முன்னோடிகளுள் ஒன்று. பன்னாட்டு அணுசக்தி முகமையின் ஒத்துழைப்பு மையமும் ஆகும். அழிவுக் குண்டின் நிழலில் வளர்ந்த அணு அறிவியல், குழந்தையின் பசியை அளக்கும் கோலாகவும் மாறியிருப்பது இறைவனின் திருவுளம் அன்றோ?

அளப்பவர்க்கும் ஓர் அறம்

அளப்பதிலும் அறம் தவறலாம். நெல்லுக்குள்ளே கரோட்டின் விளையுமாறு மரபணு மாற்றிய 'பொன்னரிசி' எந்த அளவு சத்தாக மாறுகிறது என்று அறிய, 2008-இல் சீனாவின் ஹூனான் மாநிலப் பள்ளிப் பிள்ளைகளிடம் ஐசோடோப்பு ஆய்வு ஒன்று நடந்தது. 2012-இல் முடிவு வெளியானபோது, அது மரபணு மாற்றிய அரிசி என்பது பெற்றோர்க்குத் தெளிவாகச் சொல்லப்படவில்லை என்பது தெரியவந்தது. பிள்ளைகளுக்குத் தீங்கு நேர்ந்ததாகச் சான்றில்லை. கணக்கிலும் பிழையென்று கூறப்படவில்லை. ஆயினும் 2015-இல் அக்கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. உண்மையைத் தேடும் வழியும் உண்மையாக இருக்க வேண்டும் என்பதை அறிவியல் உலகமே அன்று ஒப்புக்கொண்டது. ஏழையின் பிள்ளை எவருடைய சோதனைப் பொருளும் அன்று, இறைவனின் சாயல்.

இவ்விடத்தில் திருவள்ளூரை மீண்டும் நினைக்கிறோம். 1968-இல் தொடங்கி, இந்தப் பகுதியின் சிற்றூர்களிலும் நகரங்களிலும் 2,80,000-க்கும் மேற்பட்ட மக்களிடம் காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. சோதிக்கப்பட்டது. உலகிலேயே மிகப்பெரிய சோதனைகளுள் ஒன்று அது. நுரையீரல் காசநோயைத் தடுக்கும் என்று எல்லாரும் எதிர்பார்த்தனர். தடுக்கவில்லை என்று முடிவு வந்தது. கசப்பான அந்த உண்மையை ஆய்வாளர் மறைக்கவில்லை. குழந்தைகளை மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய காசநோய் வடிவங்களிலிருந்து அது காப்பதால் பிறந்த குழந்தைகளுக்கு இன்றும் அது போடப்படுகிறது. எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்பது தெளிவாயிற்று. பெயர் தெரியாத திருவள்ளூர் உழவர்களும் கூலிகளும் கை நீட்டியதால் உலகம் பெற்ற தெளிவு அது.

இன்று அதே மாவட்டத்தின் வடகோடியில், கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தின் உருக்காலைகள் இரவும் பகலும் புகைகின்றன. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்தோர் தகரக் கொட்டகைகளில் குடியிருக்கின்றனர். செங்கல் சூளைகளில் குடும்பம் குடும்பமாக உழைப்போர் உளர். ஈழத்திலிருந்து வந்த தமிழரின் முகாமும் அங்கு உண்டு. சற்றுத் தொலைவில், பழவேற்காட்டு மகிமை மாதாவின் திருத்தலத்தைச் சுற்றி மீனவர் குப்பங்கள் உள்ளன. மீனும் ஈரலும் உண்ணும் குப்பத்துக் குழந்தையின் களஞ்சியமும், சோறும் உருளைக்கிழங்குமாக வாழும் சூளைக் குழந்தையின் களஞ்சியமும் ஒன்றாகவா இருக்கும்? ஆண்டில் பாதி இங்கும் பாதி சொந்த ஊரிலும் கழிக்கும் பிள்ளை, இரண்டு இடத்துப் பதிவேட்டிலும் விடுபடலாம். நாட்டின் சராசரி உயர்ந்தது என்று நாம் மகிழும்போது, சராசரிக்குள் மறைந்துபோகும் முகங்கள் இவை.

ஐசோடோப்பு அளவை விலை மிக்கது. ஒவ்வொரு குழந்தைக்கும் அதைச் செய்வது இயலாது. சிறு குழுக்களை அளந்து, எந்த மக்களிடம் குறைவு, எந்த மக்களிடம் நிறைவு என்று வழிகாட்டவே அது பயன்படும். அந்தக் குழுக்களுள் கொட்டகைக் குழந்தையும் இடம்பெற வேண்டும் என்று கேட்பது நம் கடமை. அதுவரை, அங்கன்வாடியில் கொடுக்கும் மருந்தை மறுக்க எவருக்கும் நாம் சொல்லவில்லை. தட்டம்மை கண்ட குழந்தைக்கும் கண்ணில் பிட்டோ புள்ளி தோன்றிய குழந்தைக்கும் அது உயிர்மருந்து. ஆனால் மருத்துவர் அறியாமல் ஒரே சத்தைப் பல வழிகளில் சேர்த்துக் கொடுப்பதைத் தவிர்ப்போம். முருங்கைக்கீரையையும் அகத்திக்கீரையையும் பப்பாளியையும் நம் அடுக்களைக்கு மீண்டும் அழைப்போம். கீரையின் கரோட்டின் ஆறில் ஒரு பங்குதான் சத்தாக மாறும் என்று 1967-இல் உலக அமைப்புகள் கணக்கிட்டன. பன்னிரண்டில் ஒரு பங்கே என்று 2001-இல் அமெரிக்க அறிஞர் திருத்தினர். ஆகவே கீரையை ஒப்புக்குத் தொட்டுக்கொள்வதால் பயனில்லை. நிறைய உண்ண வேண்டும். சிறிது எண்ணெயும் சேர வேண்டும். உடல் கரோட்டினைத் தன் தேவைக்கேற்பவே மாற்றிக்கொள்வதால், கீரையால் மிகை வருவதில்லை. படைத்தவரின் ஞானம் இங்கே விளங்குகிறது.

கொடுப்பது அன்பு. கொடுக்கும்முன் எதிரே நிற்பவருக்கு என்ன தேவை என்று அறிய முற்படுவதும் அன்பே. எரிகோ நகர்ப் பார்வையற்றவரை அருகழைத்தபோது, தாம் அவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஆண்டவர் முதலில் கேட்டார். அனைத்தும் அறிந்தவரே கேட்டார் என்றால், அறியாத நாம் எத்துணை பணிவோடு கேட்க வேண்டும்! வாய் திறந்து சொல்லத் தெரியாத குழந்தையிடம் அறிவியல் கேட்கும் கேள்வியே இந்த அடையாளமிட்ட அணு. அதன் விடைக்குச் செவிசாய்ப்போம்.